தண்ணீர் தேங்குமா?

மாடி ஜன்னலின் திரை ஒரு வாரமாக மூடியே கிடந்தது.

கீழே முற்றத்தில் நின்றபடி பெரியவள் மறுபடியும் செல்போனில் அழைத்தாள். மேலே அறைக்குள் மணி அடிப்பது அவள் காதுக்கே கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது.

“அப்பா, எடுங்கப்பா. திட்டறதுக்காவது எடுங்க!”

திரை அசையவில்லை. பக்கத்து ஜன்னல் திறந்து, தங்கையின் தலைதான் எட்டிப் பார்த்தது.

“காலையிலேர்ந்து வாயே திறக்கலை. ஆக்சிஜன் மெஷின்தான் உர்ருன்னு பேசிக்கிட்டிருக்கு. நீயாச்சு, உங்கப்பாவாச்சு.”

“உனக்கும் அப்பாதான்டி.”

“கோபமா இருக்கறப்ப உனக்கு மட்டும்தான்.”

சென்ற வாரம் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொற்றுக்காக மூடி வைத்திருந்த மலை அருவியைத் திறந்துவிட்டார்களாம். ஒரு தடவை அங்கே கூட்டிப் போக முடியுமா?

பெரியவள் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். “உங்க நெஞ்சைத் தின்ன இடம்பா அது. ஊரே மூச்சுக்கு அல்லாடறப்ப உங்களுக்கு ஊர் சுத்தக் கேக்குதா?”

அப்போது இழுத்து மூடிய திரை அது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை அவளுக்கு. தொற்று வந்த நாளிலிருந்து ஊரார் மூக்கில் விட்டு எடுத்த குச்சிகளெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வந்தன. அவள் ‘பாசிட்டிவ்’ என்று பதிந்து அனுப்பியவர்களில் சிலர் வீடு திரும்பவே இல்லை. அப்பாவோ தரை மேஸ்திரி; அந்த அருவி மேடைக்கும் கல் பதித்தவர். கல் அறுத்த தூசி நுரையீரலில் பாதியைத் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டது. மீதிப் பாதிக்கு மெஷின்தான் துணை. அதனால் அவர் தங்கையோடு மாடியில். பெரியவளும் கணவனும் கீழே. எட்டு மாதமாக அப்பாவின் சுண்டுவிரலைக்கூட அவள் தொட்டதில்லை.

“என்ன முடிவு பண்ணியிருக்கே?” பின்னால் கணவன் குரல் கேட்டது.

டூரிஸ்ட் பஸ் டிரைவர். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, சமையலறைக் கதவுப் பிடியைக்கூட ஸ்டியரிங் திருப்புவதுபோல் திருப்பிக்கொண்டிருந்தவர்.

“நேத்து நெஞ்சு டாக்டரைக் கேட்டேன்,” என்றாள் அவள். “வெளிக்காத்து அவருக்கு விஷமில்லையாம். கூட்டம்தான் விஷமாம். நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடக்கறதும் ஒரு வியாதிதாம்மான்னாரு.”

“அப்புறம் என்ன? எனக்கும் வாரம் ஒரு தடவை பஸ்ஸை ஓட்டி வைக்கணும். சும்மா நின்னு நின்னு பேட்டரி செத்துக்கிட்டிருக்கு. காலியா ஓட்டறதுக்குக் குடும்பத்தை வச்சுக்கிட்டுப் போயேன்னு முதலாளியே சொல்லிட்டாரு. சீட்டுக்குப் பக்கத்துல பிளக் இருக்கு. இன்ஜின் ஓடற வரைக்கும் மெஷினும் ஓடும்.”

“இன்ஜின் நின்னா?”

“ஏன் நிக்குது? நான்தானே ஓட்டறேன்.”

ஆஸ்பத்திரியில் அவளை எட்டு மாதத்தில் முதல் முறையாக, கட்டாயப்படுத்தி, மூன்று நாள் விடுப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். படுத்துத் தூங்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே, மாடிக்குத் தங்கையை விட்டு, நான்கு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போய்ச் சோதித்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தலையை நிமிர்த்தி மூடிய திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“அப்பா! நாலு பேருக்கும் நெகட்டிவ்! ஜன்னல் எல்லாம் திறந்திருக்கணும். ஆளுக்கொரு மூலையில உக்காரணும். வழியில யாரும் இறங்கக் கூடாது. இன்ஜினை அணைக்கவே கூடாது. சம்மதமா?”

திரை சடாரென்று விலகியது.

அப்பா தயாராக நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. படிய வாரிய தலை. காலைத் தூக்கிக் காட்டினார். செருப்புகூடப் போட்டிருந்தார்.

“எப்பலேர்ந்துடி இப்படி நிக்கறாரு?”

“ஒரு வாரமா,” என்றாள் தங்கை.

* * *

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்துக்கே பிழைப்பு மற்றவர்களுடைய விடுமுறைதான். அப்பா தரை போட்ட ஓட்டல்களில் யார் யாரோ தங்கினார்கள். மாப்பிள்ளை ஓட்டிய பஸ்ஸில் யார் யாரோ ஏறினார்கள். தங்கை சுற்றுலா வழிகாட்டி. பட்டப்பெயர் மைக். யார் யாருக்கோ எதையெதையோ காட்டினாள். தாங்களே ஒரு விடுமுறைக்குக் கிளம்பியதில்லை. எப்படிக் கிளம்புவது என்றே தெரியவில்லை.

பஸ் கிளம்பியதும் மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் கண்ணாடியைச் சரிசெய்து தலைகளை எண்ண ஆரம்பித்தார். மைக் நடுவரிசையில் எழுந்து நின்றாள். சீட்டுக்கடியில் கிடந்த தன் கை ஒலிபெருக்கியைத் தேடி எடுத்துவிட்டாள்.

“அன்பான விருந்தினர்களே, வணக்கம்! உங்கள் வலப்பக்கம் நீங்கள் காண்பது, நமது மாடி வீடு. இதன் சிறப்பு, இங்கே ஒரு கிழவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.”

“உக்காருடி மைக்கு, காது வலிக்குது!” என்றார் முதல் வரிசையில் அப்பா. மூக்கில் குழாய். மடியில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்த தோள்பை. பஸ்ஸிலிருந்து இறங்கி அருவிவரை போய்வர அது. கண் முழுக்கச் சிரிப்பு.

பெரியவள் கடைசி வரிசையில், கையில் கிருமிநாசினி பாட்டிலோடு. அங்கிருந்து பார்த்தால், காலி இருக்கைகளின் நீண்ட வரிசைகளுக்கு அப்பால் அப்பாவின் பின்னந்தலை தெரிந்தது. திறந்த ஜன்னல்களில் காற்று புகுந்து, வெளுத்த முடியைக் கலைத்து விளையாடியது.

தெருக்கள் காலியாகக் கிடந்தன. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. வளைவில் திரும்பியதும் மைக் பேச்சை நிறுத்திவிட்டாள்.

“அக்கா… அது என்ன?”

மலை. நகரத்தின் விளிம்பில் இத்தனை வருஷமும் புகைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மலை, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல் எழுந்து நின்றது. மடிப்பு மடிப்பாக, நீலநீலமாக.

“இது எப்பவும் இங்கேயா இருந்துச்சு?” என்றாள் மைக், ஒலிபெருக்கி இல்லாமல்.

வாகனங்கள் ஓய்ந்த எட்டு மாதத்தில் வானம் தன்னைத்தானே துடைத்துக்கொண்டுவிட்டது.

* * *

அருவியின் வண்டி நிறுத்துமிடம் லேசான சரிவு. நாலைந்து கார்கள், ஒரு வேன். அவற்றில் வந்தவர்கள் தரையில் வரைந்த வட்டங்களுக்குள் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றார்கள். உயரமான மதில் ஒன்று அருவியை மறைத்தது. சத்தம் மட்டும் வந்தது. சத்தமா அது? உட்கார்ந்திருந்த இருக்கை அதிர்ந்தது.

“அத்தான், நீங்க உள்ள போய்ப் பாத்ததே இல்லியாமே?” என்றாள் மைக்.

“நான் எங்க பாக்கறது? நீ ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனதும் கண்ணாடி துடைக்கணும், டயர் பாக்கணும், சீட்டுக்கடியில குப்பை எடுக்கணும். சத்தம் நல்லாக் கேட்டிருக்கேன்.”

அருவி பார்க்கும் மேடையில் ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்தான் என்றான் வாசல் காவலாளி. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஓர் ஆள் வாசலுக்கு வந்து காய்ச்சல் பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். மைக் அவனுக்குப் பழக்கம். பேச அவள் போனாள். கைப்பிடிக் கம்பிகளைத் துடைத்து வைக்கலாமா என்று கேட்கப் பெரியவளும் போனாள்.

இறங்கும்போது கணவனிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள். “அப்பாகூடவே இருங்க.”

“ஓடிடுவாரா என்ன? போயிட்டு வா.”

திரும்பி வந்தபோது பஸ் அமைதியாக இருந்தது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. படியில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. அமைதி. இன்ஜின் இல்லை. மெஷினின் உறுமல் இல்லை. பச்சை விளக்கு இல்லை.

முதல் வரிசையில் குழாய் மட்டும் இருக்கை மேல் சுருண்டு கிடந்தது.

அப்பா இல்லை.

“என்னங்க!”

பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து கணவன் வந்தார், தோளில் துணி, முகத்தில் டயர் பார்த்த திருப்தி. “என்னம்மா, முறை வந்துடுச்சா?”

“அப்பா எங்கங்க? மெஷின் ஏன் நின்னுது?”

“உள்ளதானே இருக்…”

பேச்சு பாதியில் அறுந்தது. அவர் தன் வலதுகையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

கைக்குள் சாவி.

வண்டியை நிறுத்தியதும் அணைப்பது, சாவியை உருவுவது, துணியை எடுப்பது, இறங்குவது. மூளையைக் கேட்காமலே கை செய்கிற வேலை. இன்றும் செய்துவிட்டது. கரண்ட் போனதும் மெஷின் கீச்கீச்சென்று கத்தியிருக்கும். அருவிச் சத்தத்தில், பஸ்ஸுக்குப் பின்னால் நின்றவருக்கு அது எங்கே கேட்கும்?

“ஐயோ…” என்றார்.

பெரியவள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள். தோள்பை இருக்கையில் இல்லை. அப்படியென்றால் சிலிண்டரோடுதான் போயிருக்கிறார். வாசல் வழியாக வந்திருந்தால் அவள் கண்ணில் பட்டிருப்பார். வேறெங்கே? மதில் ஓரம் செடிகளுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. கல் இறக்க ஒருகாலத்தில் வெட்டிய வழி. அது தெரிந்தவர் இந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான்.

சந்து முடிந்தது. வெளிச்சம் கண்ணில் அறைந்தது.

முந்தின குடும்பம் போய்க் காலியாகக் கிடந்த மேடையின் நடுவில் அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். அருவிக்கு முதுகு. வலதுகையை விரித்துத் தரையில் வைத்து, குனிந்து, தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா! என்னப்பா இது? உயிரே போயிடுச்சு எனக்கு!”

“மெஷின் கத்துச்சு. யாரையும் காணோம். நானே மாட்டிக்கிட்டு வந்துட்டேன்,” என்றார் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. “கத்தாதே. இங்க பாரு. தேங்கலை.”

“என்ன தேங்கலை?”

“தண்ணி.”

பார்த்தாள். அருவியின் சாரல் ஓயாமல் மேடைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்த நீர் எங்கும் நிற்கவில்லை. மெல்லிய கண்ணாடித் தகடு போல, எல்லாக் கல்லின் மீதும் ஒரே சீராக நழுவி, ஓரத்துக் கால்வாய்க்குப் போய் மறைந்தது. குட்டை இல்லை. பாசி இல்லை.

“நான் தரை போட்டப்ப இங்க ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அருவியை மேல மறிச்சு வேற பக்கம் திருப்பிட்டாங்க. காஞ்ச பாறை. சாரல் எவ்வளவு அடிக்கும், எந்தப் பக்கம் ஓடும், எல்லாம் மனசுக்குள்ளயே நினைச்சுப் பாத்து, தண்ணி வடிய வாட்டம் வச்சேன். தண்ணி விடறதுக்குள்ள வேற வேலைக்கு லாரி ஏத்திட்டாங்க.”

“அப்புறமாவது வந்து பாத்திருக்கலாமேப்பா?”

“பயம்.” அப்பா சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. “தேங்கியிருந்தா? பாசி பிடிச்சு எவனாவது வழுக்கி விழுந்திருந்தா? என் கூட்டாளி ஒருத்தன், கட்டாயம் தேங்கும்னான். தேங்கலைன்னா மீசையை எடுத்துக்கறேன்னு பந்தயம் வேற. என்னை அவன் பேர் சொல்லியே கூப்பிட மாட்டான். ‘ரசமட்டம்’னுதான் கூப்பிடுவான். மட்டம் பாத்துப் பாத்தே உயிரை வாங்கறேனாம். அவன் ஒருத்தன்தான் அப்படிக் கூப்பிட்டது.”

“அவர் இப்ப எங்கப்பா?”

“அதே தூசிதான். போய்ச் சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன். யார்கிட்ட மீசையைக் கேக்கறது?”

அவள் மண்டியிட்டாள். சாரலில் சட்டை நனைந்து, எலும்பு தெரிய உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கை. சொரசொரவென்று, கல் மாதிரியே. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாள். எண் கொஞ்சம் இறங்கியிருந்தது, பயப்படும்படி இல்லை. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

உடனே கிளப்ப வேண்டும். ஆய்வகத்துப் புத்தி அதைத்தான் சொன்னது.

“இன்னும் அருவியைப் பாக்கலியாப்பா நீங்க?”

“முதல்ல தரை. அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

“கொஞ்ச நேரம் இருக்குப்பா,” என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். “எழுந்திருங்க. பாத்துடுவோம்.”

தாங்கிப் பிடித்துத் திருப்பினாள். இருவரும் நிமிர்ந்தார்கள்.

அண்ணாந்து பார்க்கப் பார்க்க அது முடியவே இல்லை. வானத்தில் ஏதோ ஓர் இடம் கிழிந்து, அங்கிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் தண்ணீர் தண்ணீராக இல்லை. புகையாகி, பஞ்சாகி, மறுபடி ஒன்றுசேர்ந்து பாறையில் இடித்தது. அந்த இடி காதுக்கு வரவில்லை. நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தது. பின்னால் யாரும் தள்ளவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. எவ்வளவோ பேருக்காகக் கட்டிய மேடையில் இரண்டே பேர். எட்டு மாதமாக ஆய்வக மேஜைமேல் குனிந்தே இருந்த அவள் கழுத்து, இப்படி ஓர் உயரத்தை மறந்தே போயிருந்தது.

அப்பாவின் வாய் திறந்திருந்தது. குழந்தை மாதிரி.

“அடேயப்பா,” என்றார். அவ்வளவுதான்.

பின்னால் காலடிச் சத்தம். மூச்சிரைக்க ஓடிவந்த கணவன் இரண்டு பேரையும் முழுசாகப் பார்த்ததும் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் தானாக மேலே போனது. தோளிலிருந்து துணி நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. அவர் எதையும் கீழே விட்டு அவள் பார்த்ததே இல்லை.

“இதுவா?” என்றார். “இத்தனை நாளா மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது… இதுவா?”

பெரியவள் முள்ளைப் பார்த்தாள். சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“போதும். தூக்குங்க அப்பாவை!”

* * *

சாவியைத் திருப்பினார். டிக்.

மறுபடியும். டிக்.

“பேட்டரி,” என்றார் மாப்பிள்ளை. “அணைச்சிருக்கவே கூடாது. நான் ஒரு மடையன்.”

“அதை வீட்டுக்குப் போய் நிதானமாப் பேசிக்கலாம். இப்ப என்ன வழி?”

“இறக்கத்துலதான் நிக்குது. யாராவது தள்ளினா கியர்ல போட்டு எடுத்துடுவேன். ஆனா இத்தனை பெரிய வண்டியைத் தள்ள ஆள்…”

ஆள் இருந்தது. வட்டங்களுக்குள், தள்ளித் தள்ளி. ஒருவர் தும்மினால் ஒன்பது பேர் நகர்ந்துகொள்கிற காலம். யார் வருவார்கள்?

வாசலிலிருந்து ஓடிவந்து பஸ்ஸில் ஏறியிருந்த மைக், ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கீழே குதித்தாள்.

“அன்பான விருந்தினர்களே! உங்கள் இடப்பக்கம் நீங்கள் காண்பது, ஓடாத ஒரு பஸ். உள்ளே இருப்பவர், நீங்கள் நின்று அருவி பார்க்கும் மேடையைப் போட்ட மேஸ்திரி. அவருக்கு மூச்சு இந்த பஸ்ஸில்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடினால்தான்…” அங்கே வழிகாட்டிப் பேச்சு போய், பெண் மட்டும் நின்றாள். “எங்கப்பாங்க. தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளி விடுங்க!”

ஒரு வட்டம் காலியானது. இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. வேனிலிருந்து சிலர், காவலாளி, கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒருவர். முகமில்லாத மனிதர்கள், கண்கள் மட்டும். மாதக்கணக்கில் ஒருவரை விட்டு ஒருவர் ஒதுங்கியே நடந்தவர்கள், தோளோடு தோள் சேர்த்து பஸ்ஸின் முதுகில் கை வைத்தார்கள்.

உள்ளே பெரியவள் அப்பாவின் கையைப் பிடித்தபடி, திறந்த ஜன்னல் வழியே பின்னால் பார்த்தாள். அருவியைப் பார்த்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது.

“ஒண்ணு… ரெண்டு… தள்ளு!”

பஸ் அசைந்தது. நகர்ந்தது. உருண்டது. மாப்பிள்ளை கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி முழுவதும் ஒரு குலுக்கு குலுக்கி, கரும்புகை கக்கி, கர்ஜித்தது.

மெஷின் கீச்சென்றது. பச்சை விளக்கு.

பெரியவள் குழாயை அப்பாவின் மூக்கில் பொருத்தினாள். மைக் ஓடிவந்து படியில் தொற்றி ஏறினாள். பின்னால் கைதட்டல் கேட்டது. அதற்கும் மேலே, ஒரு கரகரத்த கிழட்டுக் குரல்:

“டேய் ரசமட்டம்! தண்ணி தேங்கலைடா!”

அப்பாவின் விரல்கள் பெரியவளின் மணிக்கட்டை இறுக்கின. வலித்தது.

“யாருடி அது?”

மைக் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். “எல்லாரும் மாஸ்க் போட்டிருக்காங்கப்பா! ஒருத்தர் மட்டும் கையை ஆட்டறாரு. வயசானவர்.”

“மீசை இருக்கா?”

“மாஸ்க்குக்குள்ள மீசை இருக்கா இல்லையான்னு எனக்கெப்படிப்பா தெரியும்!”

“நிறுத்தச் சொல்லு வண்டியை,” என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. ஆனால் இத்தனை வருஷத்தில் கேட்காத உறுதி அந்தக் குரலில் இருந்தது. “பெரியவளே. நிறுத்தச் சொல்லு.”

மாப்பிள்ளை கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். கால் பிரேக்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மைக் அக்காவைப் பார்த்தாள். ‘கூடாது’ என்று சொல்வதுதான் எட்டு மாதமாக அவள் உத்தியோகம்.

பெரியவள் பச்சை விளக்கைப் பார்த்தாள். அப்பாவின் கண்களைப் பார்த்தாள்.

“நிறுத்துங்க,” என்றாள். “சாவியை மட்டும் தொடாதீங்க.”